முதலில் எந்த வாசலுக்குப் போவது? மகளிர் ஸ்டேஷனா, சகி மையமா, ஆஸ்பத்திரியா?

கூட வேலை பார்ப்பவரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, சொந்தத் தங்கையோ குடும்ப வன்முறையாலோ பாலியல் வன்முறையாலோ நொந்து ஒரு நாள் "இனிமே என்னால முடியாது" என்று சொன்னால், கேட்டவர் மனதில் முதலில் வருவது "போலீஸுக்குப் போகலாமா?" என்பதுதான். அடுத்த நிமிடமே "வேண்டாம், பெரியவங்கள வெச்சுப் பேசிப் பார்ப்போம்" என்று தோன்றும். இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் வேறு சில வாசல்களும் திறந்திருக்கின்றன. சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சகி என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி, கோர்ட் வளாகத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெரிய ஊர்களில் தொண்டு நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும். எல்லாமே உதவத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. எங்கே முதலில் போகிறோம் என்பதைப் பொறுத்துச் சில வாரங்கள் மிச்சமாகலாம், அல்லது கையில் இருந்த ஆதாரமே போய்விடலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது? "நல்லாப் பேசுவாங்களா, மரியாதையா நடத்துவாங்களா" என்பது அன்றைக்கு நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் இரண்டு கேள்வி கேட்பேன். இன்று இரவு அந்தப் பெண் எங்கே படுப்பார்? அந்த இடத்திலிருந்து வெளியே வரும்போது அவர் கையில் என்ன காகிதம் இருக்கும்?

முதலில் "பேசிப் பார்ப்பது". இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுக்கச் சுமார் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. ஆக, நடைமுறையில் முதல் வாசல் அம்மா வீடுதான். தங்க இடம், குழந்தைக்குச் சாப்பாடு, கூட நிற்க நாலு பேர்: இதெல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. சிக்கல் அடுத்த கட்டத்தில். ஊர்ப் பெரியவர்கள், சங்கத்துத் தலைவர், ஜமாத் என்று உட்கார்ந்து பேசி, "இந்த ஒரு தடவை பார்ப்போம்" என்று அனுப்பி வைக்கும்போது எந்தக் காகிதமும் மிஞ்சுவதில்லை. மூன்றாவது முறை அடி வாங்கிய பிறகு கோர்ட்டில் நின்று "இதற்கு முன்னாடியும் அடிச்சார்" என்று சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பேச்சு நடக்கட்டும், தப்பில்லை. அது நடக்கிற அதே வாரத்தில் வேறொரு வாசலில் பதிவும் ஆகியிருக்க வேண்டும். பாலியல் வன்முறை என்றால் பேச்சு என்பதே கூடாது. பாதிக்கப்பட்டது 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் நமக்குத் தேர்வே கிடையாது: போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். கீழே உள்ள ஒப்பீடு பெரியவர்களுக்கு மட்டும்தான்.

மகளிர் காவல் நிலையம்

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அது பெரிய பலம். அடிப்பவர் ஒரு அதிகாரத்துக்குத்தான் பயப்படுவார் என்றால், அந்தப் பயத்தை ஒரே நாளில் உண்டாக்கக்கூடிய இடம் இதுதான்.

ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. எழுதிக் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். அது எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. பிறகு எதிர்த் தரப்பை வரச் சொல்வார்கள், இரு தரப்பையும் உட்கார வைத்துக் "கவுன்சிலிங்" நடக்கும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, குடும்பப் பிரச்சினை போன்ற சில வகைகளில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. குடும்ப விவகாரம் என்றால் பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகத்தான் போகும்.

கவுன்சிலிங் முடிவில் ஒரு வெள்ளைத் தாள் வரும். "இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன், குடித்துவிட்டு வர மாட்டேன்" என்று கணவர் எழுதிக் கொடுப்பார். அதன் கீழேயே, "நாங்கள் சமாதானமாகச் சேர்ந்து வாழ விரும்புகிறோம், மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று மனைவியிடம் கையெழுத்து கேட்பார்கள். அவர் எழுதியது வாக்குறுதி, மீறினால் அதற்கென்று தனித் தண்டனை இல்லை. இவர் எழுதியதோ தன் புகாரைத் தானே முடித்துவைக்கும் எழுத்து. இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் சமமாகத் தெரியும், அவ்வளவுதான். கையெழுத்து போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வரலாம். போட்டுத்தான் தீர வேண்டும் என்ற நிலைமை வந்தால், "மேல்நடவடிக்கை வேண்டாம்" என்ற வரி இல்லாமல் போடலாம். அந்தத் தாளை போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம்.

இன்னொன்று, புகார் கொடுத்ததும் கணவரை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று சிலர் எதிர்பார்த்துப் போகிறார்கள், சிலர் அதற்காகவே பயந்து போகாமல் இருக்கிறார்கள். கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கு 498-ஏ என்று நாம் அறிந்த பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவாகிவிட்டது. தண்டனை அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஏழு ஆண்டுக்குட்பட்ட குற்றங்களில் கைது என்பது தானாக நடக்கிற விஷயமாக இருக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்த பிறகு, பெரும்பாலும் முதலில் நோட்டீஸ்தான். அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வருகிற நாளில் இவர் அதே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இன்று இரவு எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு ஸ்டேஷனில் நேரடியான பதில் கிடையாது.

பாதுகாப்பு அலுவலர்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின் கீழ் வருகிறார். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். எத்தனையோ பேருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. என் கணக்கில், இன்றைக்கே உயிராபத்து என்ற நிலைமை இல்லாத குடும்ப வன்முறைக்கு முதல் வாசல் இவர்தான்.

காரணம் இவர் உண்டாக்குகிற காகிதம். என்னென்ன நடந்தது, எப்போதிலிருந்து, யார் செய்தது என்பதை டி.ஐ.ஆர். என்கிற சம்பவ அறிக்கையாகப் பதிந்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவார். அதில் அடி உதைக்கு மட்டும் இடம் என்று நினைக்க வேண்டாம். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை விற்பது, ஆள் முன்னால் கேவலமாகப் பேசுவது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாம் சட்டத்தின் பார்வையில் வன்முறைதான். அதை வைத்து 12-வது பிரிவில் மனு போட்டால் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தொடர்ந்து இருக்கும் உத்தரவு, மாதாமாதம் பணம், குழந்தை யாரிடம் இருப்பது, நஷ்ட ஈடு என எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடும் அதிகாரமும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு உண்டு. கணவரை வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லவும் முடியும். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று சொல்லி மிரட்டுவது பழைய பாட்டு. வாழ்ந்த வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அந்த வெள்ளைத் தாளோடு இதை வைத்துப் பாருங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவும் ஜாமீனில் வர முடியாத குற்றம். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்பதற்கு இங்கேதான் பல் முளைக்கிறது.

கணவர் செய்கிற பாலியல் வன்முறைக்கும் பெரும்பாலும் இந்த வழிதான். 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியை வற்புறுத்துவதைச் சட்டம் இன்னும் வன்புணர்வு என்று ஏற்கவில்லை. பிரிந்து வாழும் மனைவியென்றால் மட்டும் தனிப் பிரிவு உண்டு. ஸ்டேஷனில் போய் இதைச் சொன்னால் "அதுக்கெல்லாம் கேஸ் இல்லைம்மா" என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். 2005 சட்டமோ பாலியல் துன்புறுத்தலைப் பெயர் சொல்லியே குடும்ப வன்முறையில் சேர்த்திருக்கிறது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர், அண்ணனிடம் அடிபடும் தங்கை, மகனிடம் அவதிப்படும் தாய் எல்லோருக்கும் இதே வாசல் பொருந்தும்.

குறையும் சொல்ல வேண்டும். வேகம் போதாது. முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோர்ட் நடைமுறை தெரிந்த யாரும் அதை நம்பி நாள் குறிக்க மாட்டார்கள். பாதுகாப்பு அலுவலர் பரந்த ஒரு மாவட்டத்தைப் பார்க்க வேண்டியவர், நாம் போகிற நேரம் கோர்ட்டில் இருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் அலுவலகம் பூட்டியிருக்கும்.

சகி மையம்

ராத்திரி பதினொரு மணிக்குத் திறந்திருப்பது சகி. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியில், 2015 ஏப்ரல் முதல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். ஆலோசகர், சட்ட உதவி, மருத்துவ உதவி, போலீஸ் தொடர்பு, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் இங்கே இணைத்துவிடுவார்கள்.

இரண்டு கேள்விகளில் முதலாவதுக்கு நேரான பதில் உள்ள அரசு வாசல் இது ஒன்றுதான். ஆனால் தங்கல் பொதுவாக ஐந்து நாள். ஆறாவது நாள் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். அரசு விடுதிக்கோ நீண்ட நாள் தங்கும் இல்லத்துக்கோ அனுப்ப ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் தேவை. கூட வரும் ஆண் குழந்தைக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறவர் இதைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. வாசலில் நின்று பிள்ளையை எங்கே விடுவது என்று முழிக்க நேர்ந்தால், அந்தத் தாய் வீட்டுக்கே திரும்பிவிடுவார்.

காகிதம் என்று பார்த்தால் சகி கொஞ்சம் பின்தங்கியதுதான். அங்கே பதிவு இருக்கும், ஆனால் கோர்ட்டில் வேலை செய்வது மற்ற இடங்களின் காகிதம்தான். அதை உண்டாக்க வழி காட்டி, ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட ஆள் வரச் செய்வதே இவர்கள் பலம். தனியாகப் போகிற பெண்ணிடம் பேசுகிற தொனி வேறு, பக்கத்தில் சகி ஊழியர் நிற்கும்போது பேசுகிற தொனி வேறு.

ஆஸ்பத்திரி

இதை உதவி கேட்கும் இடமாகவே பலர் நினைப்பதில்லை. வெளியாள் செய்த பாலியல் வன்முறை என்றால் நான் சொல்வது: ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. ஏனென்றால் இங்கே மட்டும்தான் கடிகாரம் ஓடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது. கர்ப்பத் தடை மாத்திரையும் அப்படித்தான். உடலிலிருந்து மாதிரி எடுக்கச் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி சொல்லும் எல்லை 96 மணி நேரம். எஃப்.ஐ.ஆர். அடுத்த வாரமும் போடலாம். இவற்றை அடுத்த வாரம் செய்ய முடியாது. குளிக்காமல், துணி துவைக்காமல் போனால் நல்லது. அந்தத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதப் பையில் எடுத்துப் போக வேண்டும். குளித்தாகிவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும்.

"போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அது தவறு. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். போலீஸுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் கடமை, நோயாளியின் வேலை அல்ல. பரிசோதனைக்கு அவர் சம்மதம் வேண்டும், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். இரு விரல் சோதனை கூடவே கூடாது. யாராவது செய்தால் அது ஒழுங்கீனம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குடும்ப வன்முறையிலும் ஆஸ்பத்திரியின் காகிதம் கனமானது. ஒரு சின்னக் காட்சியைச் சொல்கிறேன். காஷுவாலிட்டியில் டாக்டர் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்கிறார். பக்கத்திலேயே கணவர், கையில் பிள்ளையோடு. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்." டாக்டர் அதை அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதுகிறார். தையல் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு வருடம் கழித்து வழக்கு நடக்கும்போது எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் தேடி எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். அதனால் கூடப் போகிறவர் செய்ய வேண்டிய பெரிய உதவி, கணவரை வெளியே நிற்க வைப்பது. ஸ்கேனுக்கு, பாத்ரூமுக்கு என்று ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணும் டாக்டரும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் உண்டாக்குவது. யார், எதால் அடித்தார் என்பது ஏ.ஆரில் வர வேண்டும். காப்பி கேளுங்கள், கையில் தர மறுத்தால் ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்ட உதவியும் தொண்டு நிறுவனங்களும்

சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படி. அழைக்க 15100. முதல் வாசலாக இதைச் சொல்ல மாட்டேன், இரண்டாவதாகக் கட்டாயம் சொல்வேன். பாலியல் வன்முறையில் இழப்பீடு கேட்கப் போக வேண்டிய இடமும் இதுதான்; தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டம் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கிறது. வழக்கு முடியும் வரை காத்திருக்காமல் இடைக்காலத் தொகையும் கேட்கலாம்.

தொண்டு நிறுவனங்களில் சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி.யைச் சொல்ல வேண்டும். தீக்காயத்தோடு உயிர் தப்பிய பெண்களுக்காகவும் அவர்கள் வேலை செய்கிறார்கள். அரசு வாசல்களில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: "முடிவை நீங்களே எடுங்க, எத்தனை மாசம் ஆனாலும் சரி" என்று கூட நிற்பது. புகார் கொடுக்கலாமா என்று இன்னும் முடிவெடுக்காத பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. என்ன, எல்லா ஊரிலும் இவர்கள் கிடையாது.

அப்படியானால் எந்த வரிசை? இப்போதே அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் 112 என்ற அவசர எண், பிறகு ஆஸ்பத்திரி, இரவுக்குச் சகி. பல வருடத் தொல்லை, இன்றைக்கு உயிராபத்து இல்லை என்றால் பாதுகாப்பு அலுவலரும் இலவச வக்கீலும் முதலில், ஸ்டேஷன் அப்புறம். இரண்டு வழியும் சேர்ந்தே போகலாம், ஒன்றை எடுத்தால் இன்னொன்று அடைபடாது. கழுத்தை நெரித்தான், மண்ணெண்ணெய் ஊற்றினான், கொன்றுவிடுவேன் என்றான் என்று கேள்விப்பட்டால் நான் வரிசையை மாற்றிவிடுவேன்: அதில் பேச்சும் இல்லை, கவுன்சிலிங்கும் இல்லை, வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர் பழைய ஊருக்கு ஓட வேண்டாம். தற்காலிகமாக இருக்கிற ஊரிலேயே 2005 சட்டத்தில் மனு போடலாம். எஃப்.ஐ.ஆரும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்ல முடியாது. பாலியல் குற்றப் புகாரை எழுதாமல் விடும் போலீஸ்காரருக்கே சிறைத் தண்டனை உண்டு. மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.

கூட நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவர்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் இருக்கும் யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்கு பாயாது என்று 4-வது பிரிவே சொல்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இருக்கப் போவது அவர்தான். 181-க்குப் பேசுவதையும் முடிந்தவரை உங்கள் போனிலிருந்து பேச விடுங்கள், அவர் போனைக் கணவர் பார்ப்பார். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் போட்டோ, நகை பில் எல்லாவற்றையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, அவர் போனில் அழித்துவிடச் சொல்லுங்கள்.